மெய்நிகர்ப் பணத்தில் செய்திக் கணிப்பு: விலை சொல்லும் எண்ணை நம்பலாமா?

கேள்வி – நிலாமுற்றம்:
மேனிஃபோல்டு என்னும் கணிப்புச் சந்தைத் தளத்தில் அண்மையில் சேர்ந்தேன். கட்டணம் இல்லை, மானா என்னும் மெய்நிகர்ப் பணத்தைத் தொடக்கத்திலேயே தந்துவிடுகிறார்கள். தேர்தல், வட்டி விகிதம், விண்கல ஏவுதல் என எந்தச் செய்தியைப் பற்றியும் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ பங்குகளை வாங்கலாம். ஒரு கேள்விக்கு எதிரே 30 விழுக்காடு என்று இருந்தால், அதை வைத்து எப்படி முடிவெடுப்பது? சொந்தப் பணம் போகாத இடத்தில் மனம்போன போக்கில் பணத்தை இறைப்பவர்களே மிகுந்திருக்கமாட்டார்களா?

மறுமொழி – தென்கரை:
நண்பரே, 30 விழுக்காடு என்றால் ஒரு ‘ஆம்’ பங்கின் விலை ஏறத்தாழ 0.30 மானா, செய்தி உண்மையானால் அப்பங்குக்கு 1 மானா கிடைக்கும், பொய்த்தால் எதுவும் கிடைக்காது. ஆகவே நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியது ‘நடக்குமா’ என்பதன்று, ‘நடக்கும் வாய்ப்பு 30-ஐ விடக் கூடுதலா’ என்பதே. நடக்காமல் போகவே வாய்ப்பு அதிகம் என்று கருதும் ஒருவர்கூட, வாய்ப்பை 45 என மதிப்பிட்டால், ‘ஆம்’ வாங்குவதே முறை. பெருந்தொகைக்கு ஒரே மூச்சில் வாங்கினால் உங்கள் வாங்குதலே விலையை உயர்த்திவிடும் என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள்.

மறுமொழி – ஏட்டுச்சுவடி:
இரண்டாவது ஐயத்துக்கு ஓர் ஆய்வே இருக்கிறது. அமெரிக்கக் கால்பந்தின் 2003-ஆம் ஆண்டுப் பருவத்தில் 208 ஆட்டங்களுக்கு, உண்மைப் பணம் புழங்கிய டிரேட்ஸ்போர்ட்ஸ் தளத்தின் விலைகளையும் மெய்நிகர்ப் பணம் மட்டுமே கொண்ட நியூஸ்ஃபியூச்சர்ஸ் தளத்தின் விலைகளையும் ஒப்பிட்டு, 2004-இல் வெளியிட்டார்கள். துல்லியத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. தவறாகக் கணிப்பவர்களின் கையிருப்பு கரைய, நன்றாகக் கணிப்பவர்களிடம் அது சேர்வதால், நாளடைவில் விலையை அசைக்கும் வலிமை பின்னவர்களிடமே குவிகிறது என்பது இதற்கான விளக்கங்களுள் ஒன்று. ஆனால் வார இறுதிக்குள் முடிவு தெரிந்துவிடும் ஆட்டத்துக்குப் பொருந்துவது, பத்தாண்டு கழித்து முடிவாகும் கேள்விக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். ‘இல்லை’ பங்குகளை வாங்கி அத்தனை காலம் மானாவை முடக்கிவைக்க யாருக்கும் மனம் வராததால், நடக்கவே வாய்ப்பில்லாத செய்திகள்கூட 3, 4 விழுக்காட்டில் தேங்கி நிற்கும்.

மறுமொழி – வெண்ணிலவன்:
விலையைவிட முதலில் கேள்வியின் சொற்களைப் படியுங்கள். மேனிஃபோல்டில் பெரும்பாலும் கேள்வியைத் தொடங்கியவரே முடிவையும் அறிவிக்கிறார். ‘இந்த ஆண்டுக்குள் விண்கலம் ஏவப்படுமா’ என்ற கேள்வியில், மேலெழுந்து பாதியில் வெடித்த கலம் ‘ஏவப்பட்டதாக’க் கொள்ளப்படுமா என்பது எழுதப்பட்டிருக்காவிட்டால், அதில் பணம் போடாமல் விளக்கம் கேளுங்கள்.

மற்றொன்று: விலையைப் பார்க்கும் முன்பே உங்கள் மதிப்பீட்டை எழுதிவைத்துவிடுங்கள், பார்த்த பிறகு மனம் தானாகவே அதன் பக்கம் சாய்ந்துவிடும். முடிவு தெரிந்ததும், வானிலை ஆய்வாளர் கிளென் பிரையர் 1950-இல் வகுத்த முறைப்படி பிழையைக் கணக்கிடலாம். 0.70 என்று சொன்னது நடந்தால் 1-க்குக் குறைந்த 0.30-இன் வர்க்கம், அதாவது 0.09, நடக்காவிட்டால் 0.70-இன் வர்க்கமான 0.49. எல்லாவற்றுக்கும் 0.50 என்றே சொல்பவருக்கு எப்போதும் 0.25 கிடைக்கும், ஆகவே உங்கள் சராசரி அதற்குக் கீழே இருக்க வேண்டும். ஒரே கேள்வியில் கிடைத்த நற்பேறு மானா இருப்பை உயர்த்திக் காட்டக்கூடும் என்பதால், நான் இந்தச் சராசரியையே பெரிதாக மதிக்கிறேன்.

நிலாமுற்றம்:
மூவருக்கும் நன்றி. ஓராண்டுக்குள் முடிவாகும் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டு, என் மதிப்பீட்டையும் அன்றைய விலையையும் அருகருகே குறித்துவரப்போகிறேன்.