கலைச்சொல்: அடி விழும் கணத்தில் ஷாட் மாறுவதற்கு ஒரு பெயர்

சேலத்திலிருந்து:
குழும நண்பர்களுக்கு வணக்கம். காட்சித் தொடர்பியல் மாணவர்களுக்கான எங்கள் படத்தொகுப்புப் பயிற்சி நூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘மேட்ச் ஆன் ஆக்‌ஷன்’ என்பதற்கு மட்டும் இன்னும் சொல் அமையவில்லை. ஓங்கிய கை ஒரு ஷாட்டில் பாதி தூரம் வர, மீதித் தூரத்தை வேறு கோணத்தில் எடுத்த அடுத்த ஷாட் முடித்து வைக்கிறது. கண் கையின் ஓட்டத்தைப் பின்தொடர்வதால் மாற்றம் உறைப்பதில்லை. கை முகத்தில் படுவதும் இல்லை. அடிபடுபவரின் தலைக்குப் பின்னால் கேமராவை வைத்து நீண்ட லென்ஸில் எடுத்தால், இடையிலுள்ள வெளி மறைந்துவிடும். ‘செயல்பொருத்த வெட்டு’ என்று எழுதினேன். வகுப்பில் எவருக்கும் விளங்கவில்லை.

ஏற்காட்டிலிருந்து:
ஐயா, ‘ஊறுகாய்’ என்னும் வினைத்தொகையில் காலம் காட்டும் இடைநிலை மறைந்து நின்றே மூன்று காலத்தையும் உணர்த்துகிறது; ‘வினையின் தொகுதி காலத்து இயலும்’ என்பது தொல்காப்பியம். இங்கும் கை முகத்தைத் தொட வேண்டிய கணம் மறைந்து நிற்க, பார்ப்பவர் மனம் அதை நிரப்பிக்கொள்கிறது. இராமன் வில்லை முறித்ததைக் கம்பர் ‘எடுத்தது கண்டனர் இற்றது கேட்டார்’ (எடுத்ததைப் பார்த்தார்கள், முறிந்ததைக் கேட்டார்கள்) என்று பாடியதும் இந்த நுட்பமே. ஆகவே ‘வினைத்தொகை வெட்டு’ என்பதே என் பரிந்துரை.

ஓமலூரிலிருந்து:
தமிழாசிரியர் ஐயாவுக்கு வணக்கம். கம்பர் காட்டுவது படம் ஒன்றாகவும் ஒலி ஒன்றாகவும் பிரியும் இடம். அதற்குத் தனிச்சொல் வேண்டும். மேலும், எடிட்டிங்கில் எப்போதும் ஃபிரேம்களை, அதாவது ஓடும் படத்தின் தனித்தனி நிலைப்படங்களை, விடுவதில்லை. அடி கனமாக விழ வேண்டுமானால், முதல் ஷாட்டின் கடைசியில் வந்த அசைவை அடுத்த ஷாட்டில் இரண்டு மூன்று ஃபிரேம் மீண்டும் காட்டுவோம். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடுவதால் அது திரும்ப வந்ததாகத் தெரியாது. அடிக்கு அழுத்தம் மட்டும் கூடும். இலக்கணத்தில் வைத்தால் அது மறைந்து நிற்கும் தொகை அன்று, ஓசையை நீட்டும் அளபெடை. 1935இல் டி. ஆர். சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸ் படநிறுவனத்தைத் தொடங்கிய சேலத்தில் ‘வெட்டு’ என்ற சொல்லுக்கு நாம் கூச வேண்டியதில்லை. அன்று ஃபிலிமைக் கையால் வெட்டித்தான் ஒட்டினார்கள். மாணவர் நாளை வேலைக்குப் போகும் இடத்தில் ‘ஆக்‌ஷன் கட்’ என்பார்கள். ‘அசைவு வெட்டு’ என்றால் அதிலிருந்து அந்தச் சொல்லுக்கு எளிதில் வந்துவிடலாம்.

சேலத்திலிருந்து:
மேலும் மூவர் தனிமடலில் ‘அசைவு வெட்டு’ போதும் என்கிறார்கள். நேரம் இல்லாததால் அதையே வைத்து, முதல் முறை வருமிடத்தில் மட்டும் ‘ஆக்‌ஷன் கட்’ என்பதையும் சேர்க்கிறேன்.

ஏற்காட்டிலிருந்து:
அளபெடை பற்றிய திருத்தத்தை ஏற்று, தொகையை விட்டுவிடுகிறேன். ஆனால் ‘அசைவு வெட்டு’க்கு என் உடன்பாடு இல்லை. வெட்டுப்படுவது ஷாட், அசைவு வெட்டுப்படாமல் அடுத்த ஷாட்டுக்குள் போய்ச் சேருகிறது. இச்சொல்லைப் படிக்கும் மாணவர் அசைவு முடியும் இடத்தில்தான் வெட்ட வேண்டும் என்று கொண்டு, கை நின்ற பிறகு ஷாட்டை மாற்றுவார். சண்டை அடிக்கு அடி நின்று நின்று போகும். ‘அசைவொட்டு’ என்று வைத்தால் இந்தக் குழப்பம் நேராது. இப்பதிப்பில் இடமில்லை என்றால் அடிக்குறிப்பிலாவது சேர்க்க வேண்டுகிறேன்.