விடியற்காலையில் மீன்கள் வாய் பிளக்கின்றன

மூதூரில் எங்கள் தோட்டத்துக் குளத்தில் பத்து நாட்களாக, விடியும் முன்னர் திலாப்பியா மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. நேற்று ஒன்பது செத்து மிதந்தன. வெயில் ஏறினால் எல்லாம் அடங்கிவிடுகிறது.

குளம் 60 அடிக்கு 35 அடி, ஆழம் 4 அடி. மே மாதம் 400 குஞ்சுகள் விட்டேன். ஒருங்கிணைந்த பண்ணைப் பயிற்சியில் காட்டியபடி நீருக்கு மேலே கோழிக்கூடு. ஆசை யாரை விட்டது, 30 கோழிகள்! எச்சம் நேரே குளத்தில் விழுகிறது. தண்ணீர் கடும் பச்சை. முழங்கை வரை கைவிட்டால் விரல்கள் தெரிவதில்லை.

தீவனத்தை நிறுத்தினேன், சுண்ணாம்பு போட்டேன், கால்பங்கு நீரை மாற்றினேன். இரண்டு நாள்தான் தாங்கியது. காற்றூட்டும் இயந்திரம் வாங்க வசதியில்லை.

இந்த அளவுக் குளத்துக்கு மேலே எத்தனை கோழிகள் வரை வைக்கலாம்?