டியர்டிராப் டிரெய்லரில் மெத்தைக்கு அடியில் ஈரம், காலையில் இடுப்பு வலி: என்ன செய்யலாம்?

பிராம்ப்டன்_மதுரைக்காரன்:

வணக்கம். போன ஏப்ரலில் பழைய டியர்டிராப் டிரெய்லர் (காருக்குப் பின்னால் இழுத்துப் போகும், கண்ணீர்த்துளி வடிவ முகாம் வண்டி) ஒன்றை வாங்கினேன். வெளி அகலம் 5 அடி, நீளம் 8 அடி. பின்மூடியைத் தூக்கினால் சமையல் மேடை, உள்ளே படுக்க மட்டும் இடம். எங்கள் சின்ன கார் இழுக்கக்கூடியது இவ்வளவுதான். போவது நானும் மனைவியும்.

ஒன்டாரியோ பூங்காக்களில் முகாம் போட ஜூனில் பைனரி, ஆகஸ்டில் பான் எக்கோ போனோம், குறை சொல்ல ஒன்றும் இல்லை. செப்டம்பர் கடைசியில் அல்கான்குவின் பூங்காவில் மியூ லேக் முகாமுக்குப் போனதில்தான் வினை. பழைய சொந்தக்காரர் போட்டிருந்த மெல்லிய ஃபோம் பிடிக்காமல் 5 அங்குல மெமரி ஃபோம் வாங்கிப் போட்டிருந்தேன். கடையில் அழுத்திப் பார்த்தபோது பஞ்சு மாதிரி இருந்தது. அன்று இரவு வெளியே 3 டிகிரி. மெத்தை அம்மிக்கல்லாகிவிட்டது. விடியற்காலை ஐந்து மணிக்குக் கூரையிலிருந்து ஒரு சொட்டு நேராக என் நெற்றியில் விழுந்தது. மூன்றாம் நாள் மெத்தையைத் தூக்கிப் பார்த்தால் அடியில் பிளைவுட் முழுக்க ஈரம், ஓரத்தில் கறுப்புப் புள்ளிகள்.

"பேரிலேயே கண்ணீர்த்துளி இருக்கிறதே, வாங்கும்போதே யோசித்திருக்க வேண்டாமா?" என்கிறாள் மனைவி. அடுத்த தடவை காரின் பின் சீட்டில் படுத்துக்கொள்கிறாளாம்.

குளிர்காலம் முழுக்க வண்டி கராஜில்தான் நிற்கும். 600 டாலர் வரை செலவு செய்யலாம். 8 அங்குல மெத்தையும் சின்ன புரொபேன் ஹீட்டரும் வாங்கலாம் என்று இருக்கிறேன். எது நல்லது?

ஒட்டாவா_ஆசாரி:

இரண்டையும் வாங்காதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஆறு வருடம் முன்பு இதே அளவில் ஒன்றை நானே கட்டினேன். 4 அடிக்கு 8 அடி பிளைவுட் பலகையை வீணாக்காமல் கட்டுவதால்தான் இந்த வண்டிகள் பெரும்பாலும் 8 அடி நீளத்தில் நிற்கின்றன. படுக்கும்போது உங்கள் கால் சமையல் மேடைக்கு அடியில் போகிறது அல்லவா? மெத்தையை 8 அங்குலமாக்கினால் புரண்டு படுக்கும்போது கால் விரல் மேடைப் பலகையில் இடிக்கும். எழுந்து உட்கார்ந்தால் தலை கூரையில் இடிக்கும். என் அனுபவத்தில் மெத்தைக்குக் கடைசியாகத்தான் காசு செலவழிக்க வேண்டும். காற்று, அடித்தளம், மட்டம் இந்த மூன்றும் சரியாக இல்லாமல் எந்த மெத்தை போட்டாலும் தூக்கம் வராது.

ஈரத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு பேர் இரவு முழுக்க மூச்சிலும் வியர்வையிலும் விடும் நீர் அரை லிட்டரை எட்டிவிடும். அந்தச் சின்ன டப்பாவுக்குள் அது எங்கே போகும்? எது குளிர்ந்திருக்கிறதோ அங்கே போய் ஒட்டும். ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்பின் வெளிப்பக்கம் வியர்க்கிற மாதிரிதான். மேலே அலுமினியம், பக்கத்தில் ஜன்னல், கீழே மெத்தைக்கு அடியில் இருக்கும் பிளைவுட். ஃபோம் வழியாக இறங்கும் உடல் ஆவி கடைசியில் அந்தக் குளிர்ந்த பலகையில்தான் முட்டுகிறது.

குளிருக்குப் பயந்து கூரை விசிறியையும் ஜன்னலையும் இறுக மூடியிருப்பீர்கள். விசிறி இல்லாத வண்டியா? அப்படியானால் உங்கள் 600 டாலரில் முதல் செலவு அதுதான். 14 அங்குலச் சதுரத் துளைக்குப் பொருந்துகிற 12 வோல்ட் விசிறி எந்த டிரெய்லர் கடையிலும் கிடைக்கும். காற்றை வெளியே தள்ளும்படி மிகக் குறைந்த வேகத்தில் வைத்து, விசிறிக்குத் தள்ளி இருக்கும் ஜன்னலைக் கட்டைவிரல் அகலம் திறந்து விடுங்கள். குளிரத்தான் செய்யும். ஒரு போர்வை கூடப் போட்டுக்கொள்ளுங்கள். ஈரமான சூட்டைவிடக் காய்ந்த குளிர் எவ்வளவோ மேல்.

அடுத்து அடித்தளம். ஊரில் தாத்தாவின் கயிற்றுக் கட்டிலில் போட்ட மெத்தை பூசணம் பிடித்து நான் பார்த்ததில்லை. காரணம், அடியில் காற்று ஓடும். அந்தப் புத்தி எனக்கு முதல் வருடம் வரவில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த கோரைப்பாயைப் பெருமையாக மெத்தைக்கு அடியில் விரித்தேன். ஜூலைக்குள் பாய்க்கே பூசணம் பிடித்துவிட்டது. இப்போது பைன் மர ரீப்பர்கள் (மெல்லிய மரச் சட்டங்கள்) போட்டிருக்கிறேன். முக்கால் அங்குலக் கனம், இரண்டரை அங்குல அகலம், நடுவில் இரண்டு அங்குல இடைவெளி. அவற்றைக் குறுக்காகப் போட்டு, அடியில் நீளவாக்கில் மெல்லிய கட்டைகள் கொடுத்தேன். ரீப்பர் முனை சுவரைத் தொடாமல் ஒரு விரல் விடுங்கள், இல்லாவிட்டால் காற்று நுழைய வழியில்லை. அதற்கு முன் அந்தக் கறுப்புப் புள்ளிகளைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, உப்புத்தாள் தேய்த்து வார்னிஷ் அடியுங்கள். ஈரப் பலகையில் வார்னிஷ் அடித்தால் பூசணத்தை உள்ளே வைத்துப் பூட்டிய கதைதான்.

மெமரி ஃபோம் குளிரில் இறுகும், அதன் சுபாவமே அதுதான். கடையில் 21 டிகிரியில் தொட்டுப் பார்த்தால் அது தெரியாது. 4 அங்குல அடர்த்தியான சாதாரண ஃபோம், காசு மிஞ்சினால் மேலே 2 அங்குல லேட்டெக்ஸ் (ரப்பர் ஃபோம்) போதும். லேட்டெக்ஸ் குளிரில் அப்படி இறுகாது. 60 அங்குல குயின் மெத்தை உள்ளே போகாது. சுவர்க் கனம் போக உங்களுக்கு 57 அங்குலம் இருந்தால் பெரிது. 54 அங்குல ஃபுல் அளவுதான் தோது, பக்கத்தில் தண்ணீர் பாட்டிலும் கண்ணாடியும் வைக்க இடம் மிஞ்சும். மூலையை வெட்ட வேண்டி வந்தால் வான்கோழி வெட்டும் மின்சாரக் கத்தியால் வெட்டுங்கள். பழைய சாமான் கடையில் 8 டாலருக்கு வாங்கினேன், நாங்கள் வீட்டில் சைவம்.

ஹீட்டர் விஷயம் விளையாட்டில்லை. உள்ளேயே எரியும் புரொபேன் ஹீட்டர் கார்பன் மோனாக்சைடு விடலாம், அவ்வளவு சின்ன அறையில் ஆக்சிஜனையும் தின்றுவிடும். போதாததற்கு, ஒரு கிலோ புரொபேன் எரிந்தால் 1.6 கிலோ நீராவி வருகிறது. ஈரத்துக்கு வைத்தியம் பார்க்கப் போய்த் தண்ணீர் ஊற்றுவீர்கள். மியூ லேக்கில் மின் இணைப்பு உள்ள இடம் எடுத்தால் மின்சாரக் கம்பளி போதும். மற்ற இடங்களில் வெந்நீர்ப் பை. எது செய்தாலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று தலைமாட்டில் இருக்கட்டும்.

இடுப்பு வலிக்கு முழுக்க மெத்தையைக் குற்றம் சொல்லாதீர்கள். வண்டியை மட்டம் பார்த்துத்தான் நிறுத்தினீர்களா?

பிராம்ப்டன்_மதுரைக்காரன்:

விசிறி இருக்கிறது. நீங்கள் சொன்ன மாதிரியே மூடித்தான் வைத்திருந்தோம். மட்டம் என்றால், நான்கு மூலையிலும் இருக்கும் கால்களைத் திருகி வண்டியைத் தூக்கிச் சரிசெய்வேன். போதாதா?

ஒட்டாவா_ஆசாரி:

ஐயோ, அந்தக் கால்கள் தூக்குவதற்கு இல்லை, ஆட்டத்தை நிறுத்துவதற்கு மட்டும். தூக்கினால் கால் வளையும், சமயத்தில் சட்டமும் முறுக்கிக்கொள்ளும். வண்டி காரில் மாட்டியிருக்கும்போதே தாழ்ந்த பக்கச் சக்கரத்தைப் பலகை மேல் ஏற்றுங்கள். இரண்டு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். அப்புறம் காரைக் கழற்றி, முன் ஜாக்கால் முன்பின் மட்டம் பாருங்கள். மூலைக் கால்கள் கடைசியில்தான், மண்ணில் அழுந்தும் அளவுக்கு மட்டும். ரசமட்டம் வைத்துப் பாருங்கள், கண்ணை நம்பாதீர்கள். தலைப்பக்கம் ஒரு துளி உயரமாக இருக்கலாம். பக்கவாட்டில் சாய்ந்தால் இரவெல்லாம் சரியாமல் இருக்க உடம்பு இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கும், காலையில் இடுப்பு விண்ணென்று தெறிக்கும்.

ஹாலிஃபாக்ஸ்_அக்கா:

ஆசாரி சொன்ன எல்லாம் சரி, ரீப்பர் தவிர. ஒன்றரை அங்குல உயரம் வீணாகிறது. படகுகளில் மெத்தைக்கு அடியில் போடுவார்களே, முக்கால் அங்குலப் பிளாஸ்டிக் வலைப்பாய், அதைத்தான் நாங்கள் போட்டிருக்கிறோம். கத்தரியால் வெட்டலாம். விலை அதிகம், மறுக்கவில்லை.

தம்பி, உங்கள் வண்டிக்குக் கதவு ஒன்றா இரண்டா? ஒன்று என்றால் ராத்திரி அடிக்கடி எழுபவர் கதவுப் பக்கம் படுக்கட்டும். எங்கள் வீட்டில் அது நான். ஒரே பெரிய போர்வையை விட்டுவிட்டு ஆளுக்கு ஒன்று எடுங்கள். 54 அங்குலத்தில் ஒரே போர்வை என்றால் யாரோ ஒருவர் விடியும் வரை முதுகு மூடாமல்தான் கிடப்பார். அலுமினியச் சுவர்ப் பக்கம் மெல்லிய யோகா பாயை நிறுத்தி வையுங்கள், தோள் பட்டால் சில்லிடாது. அப்புறம், மனைவியைக் கேட்காமல் இந்தத் தடவையும் எதையும் வாங்கிவிடாதீர்கள்.

பிராம்ப்டன்_மதுரைக்காரன்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். கதவு இரண்டு, தப்பித்தேன். பின் மூலைக் கால் ஒன்று நிஜமாகவே வளைந்திருக்கிறது, மாற்ற வேண்டும். பலகையை உப்புத்தாள் தேய்த்து இரண்டு கை வார்னிஷ் அடித்தாயிற்று. அக்கா மன்னிக்கவும், விலையைப் பார்த்து ரீப்பரே போட்டேன். மெமரி ஃபோம் விருந்தினர் அறைக்குப் போய்விட்டது, அங்கே சமர்த்தாக இருக்கிறது. 4 அங்குல ஃபோம் மட்டும் வாங்கினேன். லேட்டெக்ஸ் பிறகு பார்க்கலாம்.

நேற்று மனைவியைக் கூப்பிட்டுக் கராஜில் படுத்துப் பார்க்கச் சொன்னேன். கோட்டைக் கழற்றாமல் பத்து நிமிடம் படுத்திருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து வரும்போது, "என் பக்கம் படிக்கிற விளக்கு இல்லையே" என்றாள். 12 வோல்ட்டில், பக்கத்தில் தூங்குபவர் கண்ணில் படாத மாதிரி சின்ன விளக்கு யாராவது போட்டிருக்கிறீர்களா?