17 வயது மகளுக்கு ஹார்மோன் சிகிச்சை: நல்ல டாக்டர் தெரிந்தால் சொல்லுங்க

வணக்கம். நாங்க பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். பிளஸ் டூ படிக்கிற என் பிள்ளை திருநங்கை. ஒன்பதாவது படிக்கும்போதே "நான் பொண்ணும்மா"ன்னு சொன்னா. அதைக் காதில் வாங்கிக்க எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. அந்த ரெண்டு வருஷத்தை நினைச்சா இன்னும் தூக்கம் வராது.

போன மாசம் அவ பையில கருத்தடை மாத்திரை அட்டை இருந்தது; உடம்பு பொண்ணு மாதிரி மாறணும்னு தானாவே வாங்கியிருக்கா. மீசை அரும்புறதைப் பார்க்கப் பிடிக்காம கண்ணாடியைத் துணி போட்டு மூடி வச்சிருக்கா, பாவம். அந்த மாத்திரையால ரத்தம் உறையலாம், டாக்டர் பார்க்காம, ரத்தப் பரிசோதனை இல்லாம தொடக்கூடாதுன்னு கெஞ்சி நிறுத்தியிருக்கேன். எத்தனை நாளைக்குப் பொறுன்னு சொல்றது?

ஒரு மனநல மருத்துவர்கிட்ட போனோம். "திரும்பப் பையனாவே மாத்திடலாம்"னார். எழுந்து வந்துட்டோம். அப்படி மாத்தப் பார்க்கிறதைத் தடை செய்யணும்னு சென்னை உயர் நீதிமன்றம் 2021-லேயே சொல்லியிருக்கு.

தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர், சேலம், எங்கேயாவது இவளை மரியாதையா நடத்துற ஹார்மோன் டாக்டரும் மனநல டாக்டரும் இருக்காங்களா? 18 வயசுக்கு முன்னாடி என்ன சிகிச்சை தருவாங்க? கையெழுத்துப் போட நான் தயார். அவ அப்பாவுக்குத்தான் இன்னும் மனசு வரல. அவர்கிட்ட பேசக்கூடிய பெற்றோர் யாராவது இருந்தா ரொம்ப உதவியா இருக்கும்.

2019 திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயசு ஆகாத பிள்ளைக்குத் திருநர் அடையாளச் சான்றிதழ் கேட்டு கலெக்டருக்குப் பெற்றோரே விண்ணப்பிக்கலாம். தருமபுரியில் அப்படி வாங்கினவங்க அனுபவத்தைச் சொல்லுங்க. மாத்திரை பேர், அளவு மட்டும் கமெண்ட்ல போடாதீங்க, அவளும் படிப்பா. டாக்டர் விவரத்தை இன்பாக்ஸ்ல அனுப்புங்க.