புதுப்பிப்பு: வாணியம்பாடி பழைய தோல் ஷெட், மண் பரிசோதனை முடிவு வந்துவிட்டது

பெரியப்பா விட்டுப்போன, இருபது வருடமாக மூடிக்கிடக்கும் தோல் பதனிடும் இடத்தில் குடோன் கட்டலாமா என்று பிப்ரவரியில் கேட்டிருந்தேன். மேல் மண்ணை அள்ளிவிட்டால் போதும் என்று சிலர் சொன்னீர்கள். போதாது.

அங்கே வேலை பார்த்த முதியவர் ஒருவரைக் கூட்டிப்போனது நல்லதாகப் போயிற்று. கிழக்கு மூலையைக் காட்டினார். தோல் பதனிடும் குரோம் பவுடர் தயாராக மூட்டையில் வருவதற்கு முன்னால், சோடியம் டைகுரோமேட்டுடன் கந்தக அமிலமும் வெல்லப்பாகும் சேர்த்து அங்கேதான் பதனிடும் கரைசலைத் தயாரிப்பார்களாம். எந்த வரைபடத்திலும் இல்லாத தகவல் இது.

தோலைப் பதனிடுவது மூன்று இணைதிறன் குரோமியம். அது பெரும்பாலும் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். டைகுரோமேட்டில் இருப்பது ஆறு இணைதிறன் குரோமியம். தண்ணீரோடு ஓடும், புற்றுநோய் உண்டாக்கும். தொட்டிகள் இருந்த பக்கம் முதல் வகைதான். மூலையில் மட்டும் இரண்டாவது, மூன்று மீட்டர் ஆழம் வரை.

கிணற்று நீரிலும் குரோமியம் குடிநீர் வரம்பான லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டிவிட்டது. அதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. பக்கத்து வீட்டு அக்காவிடம் அன்றைக்கே போய்ச் சொல்லி, அவர்கள் போர் தண்ணீரையும் சோதனைக்குக் கொடுத்திருக்கிறேன். முடிவு வரும்வரை அவர்களுக்குக் கேன் தண்ணீர் என் செலவு.

குடோன் பேச்சு இப்போதைக்கு இல்லை. மூலை மண்ணைத் தோண்டி, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதியோடு கும்மிடிப்பூண்டி அபாயக் கழிவுக் கிடங்குக்கு அனுப்ப வேண்டும். அப்புறம் அடியில் மிஞ்சுவதற்கு ஃபெரஸ் சல்பேட் கரைசல் செலுத்தி, ஆறு இணைதிறன் குரோமியத்தை மூன்றாக மாற்றப் பார்க்கிறோம்.