பலாலியிலிருந்து நல்லூர்: அம்மாவுக்கு ஏற்ற வாகனம் வேண்டும்

வணக்கம் உறவுகளே. வரும் 14ஆம் திகதி பிற்பகல் சென்னையிலிருந்து அம்மாவுடன் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் இறங்குகிறேன். ஒழுங்கு செய்திருந்த வான்காரர் நேற்று வர ஏலாது என்றுவிட்டார்.

அம்மாவுக்கு 76 வயது, இரண்டு முழங்காலும் மடங்காது. வானின் முதல் படியே அவருக்கு உயரம். பஸ்ஸை நினைக்கவே முடியாது. ஓட்டோக்காரர் இருவரிடம் கேட்டேன். சக்கர நாற்காலியும் இரண்டு பெட்டியும் கொள்ளாது என்றார்கள், அது உண்மைதான். தங்குமிடத்திலும் கார் இல்லையாம்.

அம்மா பிறந்தது நல்லூரில். சங்கிலியன் தோப்பு வளைவு, மந்திரிமனை மர வேலைப்பாடு, ‘ப’ வடிவ யமுனா ஏரி, இந்த மூன்று பழைய நினைவுச்சின்னங்களையும் இன்னொருமுறை பார்க்க வேண்டும் என்று பழைய படமொன்றைத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறார். மூன்றும் கிட்டக் கிட்டத்தான், ஆனால் ஒவ்வொன்றிலும் இறக்கி ஏற்றப் பொறுமையான ஆள் வேண்டும். வாடகை பிரச்சினை இல்லை.

பலாலியிலிருந்து உரும்பிராய், கோண்டாவில் வழியாக நல்லூர் வந்து, மறுநாள் காலை இந்த மூன்று இடத்துக்கும் கூட்டிப்போக, தாழ்வான இருக்கையுள்ள காரோடு நம்பிக்கையான சாரதி யாரையாவது தெரியுமா?