புல்லட் 350: ஏர் பில்டருக்குள் ஆயில் வருகிறது, பிரீதர் குழாயை வெளியே விட்டுவிடலாமா?

கோத்தகிரி_பனி
எல்லோருக்கும் வணக்கம். வண்டி 1998 புல்லட் 350, வார்ப்பிரும்பு இன்ஜின், அப்பா ஓட்டியது. இரண்டு வருடமாக என்னிடம் இருக்கிறது. தினமும் வீட்டிலிருந்து தேயிலை ஆலைக்கு 4 கிலோமீட்டர், திரும்ப 4 கிலோமீட்டர், அவ்வளவுதான் ஓட்டம். மாதம் ஒரு முறை மேட்டுப்பாளையம் இறங்கி ஏறுவேன்.

மூன்று மாதமாக ஒரு தொந்தரவு. ஏர் பில்டர் பெட்டியைத் திறந்தால் அடியில் ஆயில் தேங்கி நிற்கிறது. பில்டர் எண்ணெயில் போட்டு எடுத்த வடை மாதிரி ஊறிப்போய்விட்டது. கார்புரேட்டர் வாயிலும் பிசுபிசுப்பு. பிளக் கரிப்பிடித்து, காலையில் ஏழெட்டு உதை வாங்கிக்கொண்டுதான் கிளம்புகிறது. கிராங்க்கேஸிலிருந்து (இன்ஜினின் அடிப்பெட்டி) உள்காற்று வெளியேற வரும் பிரீதர் குழாய், பாட்டரி பக்கம் இருக்கும் சின்ன டப்பா வழியாக ஏர் பில்டர் பெட்டிக்குள் போகிறது. ஆயில் அந்த வழியாகத்தான் வருகிறது, சந்தேகமில்லை. குழாய்க்குள் வெள்ளையாக, கெட்டித் தயிர் மாதிரி ஒன்று வேறு ஒட்டியிருக்கிறது.

குழாயைப் பிடுங்கி நேராகத் தரைப்பக்கம் விட்டுவிட்டால் என்ன? இன்ஜினுக்கு ஏதாவது ஆகுமா?

ஸ்பேனர்_பன்னிரண்டு
தாராளமாக விடலாம் நண்பா. என் வண்டியில் ஐந்து வருடமாக அப்படித்தான் ஓடுகிறது. குழாயை நம்பர் பிளேட் வரைக்கும் இழுத்து விட்டுவிடுங்கள். பத்து நிமிட வேலை.

உக்கடம்_அண்ணாச்சி
தம்பி, கொஞ்சம் பொறுங்க. குழாயை மாற்றலாம், அதில் தப்பில்லை. ஆனால் ஆயில் ஏன் வருகிறது என்று பார்க்காமல் மாற்றினால், இப்போது பில்டருக்குள் விழும் ஆயில் நாளைக்கு ரோட்டில் விழும். முதலில் மூன்று கேள்விக்குப் பதில் சொல்லுங்க. ஆயில் அளவை எப்போது பார்க்கிறீர்கள், வண்டி ஓடிய பிறகா, நின்றிருக்கும்போதா? குறைந்திருந்தால் எவ்வளவு ஊற்றுகிறீர்கள்? குழாய்க்குள் இருக்கும் ரப்பர் வால்வை எப்போதாவது கழற்றிப் பார்த்ததுண்டா?

கோத்தகிரி_பனி
அண்ணாச்சி, ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியைத் துடைக்கும்போது பார்ப்பேன். பெரும்பாலும் ஆயில் அளவு பார்க்கும் குச்சியில் கீழ்க்கோட்டுக்கும் கீழேதான் நிற்கும். 100 மில்லி, சில சமயம் 150 ஊற்றுவேன். பழைய வண்டி, ஆயில் குடிக்கிறது என்று நினைத்தேன். ரப்பர் வால்வு என்று ஒன்று இருப்பதே இப்போதுதான் தெரியும்.

உக்கடம்_அண்ணாச்சி
அகப்பட்டது.

இந்த இன்ஜினில் ஆயில் தொட்டி தனியாக வெளியே இல்லை, கிராங்க்கேஸ் வார்ப்பிலேயே ஓர் அறையாக இருக்கிறது. ஒரு பம்ப் அங்கிருந்து ஆயிலை எடுத்து உள்ளே அனுப்பும், இன்னொரு பம்ப் கீழே வடிந்ததைத் திரும்பத் தொட்டிக்கே தள்ளும். வண்டி நின்றிருக்கும்போது பம்ப் இடைவெளி வழியாக ஆயில் மெல்ல மெல்லக் கிராங்க் பக்கம் இறங்கிவிடும். பம்ப் தேயத் தேய வேகமாக இறங்கும். சனி சாயங்காலம் நிறுத்தியதை ஞாயிறு காலை பார்த்தால் தொட்டியில் குறைவாகத்தான் காட்டும். ஆயில் எங்கும் போகவில்லை, இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் குறைகிறது என்று ஊற்றுகிறீர்கள். திங்கட்கிழமை உதைத்ததும் கீழே கிடப்பதை எல்லாம் கிராங்க் வாரி அடிக்கும். அதற்கு வெளியே போக ஒரே ஒரு வாசல்தான், அந்தப் பிரீதர் குழாய்.

ஆகவே ஆயில் அளவை வண்டி பத்து நிமிடம் ஓடி நின்ற உடனே பாருங்க. மற்ற நேரத்தில் குச்சி சொல்வதை நம்பாதீங்க.

அடுத்தது அந்த வால்வு. பிஸ்டன் இறங்கும்போது மேலே மட்டும் வேலை நடப்பதில்லை, கீழே இருக்கும் காற்றையும் அழுத்துகிறது. ஒற்றை சிலிண்டர் என்பதால் ஈடுகட்ட வேறு பிஸ்டன் கிடையாது. 346 சிசி காற்று முழுவதும் ஒவ்வொரு சுற்றிலும் வெளியே போகப் பார்க்கும், உடனே உள்ளே வரப் பார்க்கும். 3000 சுற்றில் ஓடினால் நொடிக்கு 50 தடவை. குழாயில் வாத்து அலகு மாதிரி ஒரு ரப்பர் இருக்கும். காற்று வெளியே வரும்போது திறக்கும், திரும்பப் போகும்போது மூடிக்கொள்ளும். அதனால் கிராங்க்கேஸில் எப்போதும் லேசான உறிஞ்சல் இருக்கும். சீல், கேஸ்கெட் எல்லாம் கசியாமல் இருப்பதில் பாதி அந்த உறிஞ்சலின் புண்ணியம். அந்த அலகு வெயிலிலும் ஆயிலிலும் இறுகி, வாய் பிளந்து நின்றால் கதை முடிந்தது.

சோதனை சுலபம். கழற்றித் துடைத்து வாயில் வைத்து ஊதுங்க. ஒரு பக்கம் போக வேண்டும், மறுபக்கம் போகவே கூடாது. (வீட்டம்மா பார்க்காத நேரமாகச் செய்யுங்க.)

ஸ்பேனர்_பன்னிரண்டு
அண்ணாச்சி சொல்வது சரிதான், அவசரப்பட்டுவிட்டேன். ஆனால் அந்த வெள்ளைத் தயிர்? ஹெட் கேஸ்கெட் போய்த் தண்ணீர் கலந்திருக்குமோ?

உக்கடம்_அண்ணாச்சி
இது காற்றில் ஆறும் இன்ஜின், கேஸ்கெட் போனாலும் கலக்கத் தண்ணீருக்கு எங்கே போகும்! அது பெட்ரோல் தந்த தண்ணீர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியாகப் போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் ரிங் இடுக்கில் கீழே இறங்கும். கோத்தகிரி குளிரில் 4 கிலோமீட்டருக்குள் இன்ஜின் நன்றாகச் சூடாவதற்குள் ஆலை வந்துவிடுகிறது. ஆவி வெளியேறாமல் குழாயில் குளிர்ந்து ஆயிலோடு சேர்ந்து தயிராகிறது. வாரம் ஒரு நாள் முக்கால் மணி நேரம் தொடர்ந்து ஓட்டினால் போதும். மேட்டுப்பாளையம் இறங்கும்போது அல்ல, ஏறும்போதுதான் இன்ஜின் சூடாகும். அந்தத் தயிர் குழாயை அடைத்துக்கொண்டால் மட்டும் ஆபத்து. காற்றுக்கு வழியில்லாமல் ஏதாவது ஒரு சீலைப் பிதுக்கித் தள்ளிவிடும்.

டியூக்_தம்பி
எனக்கும் ஒரு சந்தேகம். என்னுடையது 2021 மாடல், பிஎஸ்6 புகை விதிப்படி வந்த வண்டி. இன்டேக் சுத்தமாக இருக்கும் என்று நானும் குழாயைக் கழற்றி வெளியே விடலாமா?

உக்கடம்_அண்ணாச்சி
வேண்டாம் தம்பி. கிராங்க்கேஸ் ஆவி வெளியே வரக்கூடாது என்ற விதியின்படிதான் உங்கள் வண்டிக்கு அனுமதியே கொடுத்திருக்கிறார்கள். அது வெறும் புகை இல்லை, எரியாத பெட்ரோல் ஆவி. உலக சூப்பர்பைக் ரேஸ் வண்டிகளிலேயே பிரீதரை ஏர்பாக்ஸுக்குள்தான் விட வேண்டும் என்று விதி இருக்கிறது. ஒருவன் கக்கிய ஆயிலில் பின்னால் வருகிறவன் வழுக்கி விழக்கூடாது அல்லவா. பில்டரில் லேசான எண்ணெய்ப் பசை இருந்தால் துடைத்துவிட்டு ஓட்டுங்க.

கோத்தகிரி_பனி
ஞாயிறு முழுக்க வண்டியோடுதான். விவரம் சொல்கிறேன்.

வண்டியைச் சூடாக ஓட்டிவிட்டு உடனே குச்சியைப் பார்த்தேன். மேல்கோட்டைத் தாண்டி விரல் அகலத்துக்கு ஆயில். அண்ணாச்சிக்கு ஒரு கும்பிடு. தொட்டிப்பக்க நட், கிராங்க் பக்க நட் இரண்டையும் கழற்றி வடித்து, பழைய பெட்ரோல் கேனில் அளந்தேன். 2 லிட்டர் 700 மில்லி வந்தது. இரண்டேகால் லிட்டர் போதும் என்கிற இன்ஜினுக்கு! வால்வை ஊதினேன், இரண்டு பக்கமும் புல்லாங்குழல் மாதிரி போனது. தொட்டால் ரப்பர் பிளாஸ்டிக் மாதிரி கெட்டியாக இருக்கிறது. புது வால்வுக்குக் கடையில் ஊட்டிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆனாலும் ஏர் பில்டருக்குள் மறுபடி ஆயில் போகக் கூடாது என்று ஆசை. பழைய வண்டிதானே, ஒரு பாட்டிலுக்குள் விட்டால்?

உக்கடம்_அண்ணாச்சி
விடலாம். அந்தக் காலத்து வண்டிகளில் இந்தக் குழாயைப் பின்செயின் பக்கமே விட்டிருப்பார்கள், செயினுக்கு இலவச எண்ணெய். இப்போது பாட்டில்தான் நல்லது. செய்யும்போது கவனிக்க வேண்டியதைச் சொல்கிறேன்.

குழாய் இன்ஜினிலிருந்து கிளம்பியதும் ஒரு சாண் மேலே ஏறி, அப்புறம் பாட்டிலுக்கு இறங்கட்டும். அப்போதுதான் ஆவியோடு வரும் சொட்டுகள் திரும்ப உள்ளேயே வடியும். குழாயின் உள்ளளவைக் குறைக்காதீங்க. வால்வு இன்ஜினுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. பாட்டில் மூடியில் காற்றுப்போக இன்னொரு ஓட்டை கட்டாயம். முழுக்க மூடிவிட்டால் குழாயை அடைத்ததற்குச் சமம். கூல்டிரிங்ஸ் பாட்டில் சூட்டில் சுருண்டுவிடும், கெட்டியான டப்பா பாருங்க. உள்ளே பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரைக் கொஞ்சம் திணித்தால் ஆவி அதில் பட்டு ஆயிலாகத் தங்கும். எவர்சில்வர் நாராக இருக்கட்டும், துருப்பிடிப்பது வேண்டாம்.

பாட்டிலை எங்கே கட்டினாலும் நிரம்பி வழிந்தால் பின் டயரில் விழாத இடமாகப் பாருங்க. உங்கள் ஊர் வளைவில் டயரில் நாலு சொட்டு ஆயில் என்றால் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியம், குழாயைப் பிடுங்கிய பிறகு ஏர் பில்டர் பெட்டியில் இருக்கும் ஓட்டை. அது பில்டரைத் தாண்டிக் கார்புரேட்டர் பக்கம் இருந்தால் தூசி நேராகச் சிலிண்டருக்குப் போகும். ரப்பர் மூடி போட்டு கிளிப் மாட்டுங்க. துணி திணித்து வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அது ஒரு நாள் கார்புரேட்டருக்குள் போய் உட்காரும்.

ஸ்பேனர்_பன்னிரண்டு
அந்த ஓட்டையை நான் ஐந்து வருடமாக மூடவே இல்லை. இப்போதே போய்ப் பார்க்கிறேன்.

கோத்தகிரி_பனி
ஐந்து வாரம் கழித்து வருகிறேன். புது வால்வு, புது ஆயில் 20டபிள்யூ50, அரை லிட்டர் அலுமினிய டப்பா, பெட்டி ஓட்டைக்கு மூடி. 600 கிலோமீட்டர் ஆகிவிட்டது. டப்பாவைத் திறந்தால் அடியில் இரண்டு ஸ்பூன் அளவுக்குக் காப்பி நிறத் தண்ணீரும் கொஞ்சம் ஆயிலும். பில்டர் காய்ந்து கிடக்கிறது. மூன்றாவது உதையில் கிளம்புகிறது. டைமிங் கவர் ஓரத்தில் எப்போதும் இருந்த ஈரம்கூடக் காணவில்லை. வாரம் ஒரு நாள் கட்டபெட்டு வழியாகக் குன்னூர் போய்வருகிறேன், தயிர் பாதியாகக் குறைந்துவிட்டது.

டப்பாவில் சேர்வதைத் திரும்ப இன்ஜினில் ஊற்றலாமா?

உக்கடம்_அண்ணாச்சி
கூடாது. அதில் பாதி தண்ணீர். சாக்கடையிலும் ஊற்ற வேண்டாம், பழைய ஆயிலோடு சேர்த்து வைத்து ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்க.